உங்கள் நகல் யாரிடம் இருக்கிறது?

தாலுகா அலுவலகத்தின் எதிர்ச் சாரியில், வேப்பமரத்தை ஒட்டினாற்போல் பத்தடிக்கு எட்டடி இடத்தில் அமைந்திருக்கும் அந்த ஜெராக்ஸ் கடையில், காலை பதினொரு மணிக்கெல்லாம் நிற்க இடமில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு வந்த தாய், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அலையும் மாணவன், பட்டா மாறுதலுக்காக மாதக்கணக்கில் நடக்கும் முதியவர் என்று வந்திருப்போர் எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறைக்குள் அவரவர் வாழ்க்கையின் அத்தாட்சிகள் அத்தனையும். ஆதார் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த ஒரு பெண்மணி தயங்கி நிற்கிறார். “அதனாலென்னக்கா, பையனை நம்ம வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பச் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்” என்று, சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைச் சுட்டிக்காட்டுகிறார் கடைக்காரர். சில நிமிஷங்களில் கோப்பு வந்து சேருகிறது. ஆனால் திறக்க மறுக்கிறது. “பாஸ்வேர்டு கேட்குதுக்கா. பேரும் பிறந்த வருஷமும் சொல்லுங்க.” பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அதன் கடவுச்சொல் என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். அந்தப் பெண்மணி உரத்த குரலில் சொல்லுகிறார், கடையில் நிற்போர் அனைவரும் கேட்கிறார்கள், கோப்பு திறந்துகொள்கிறது.

அப்போது கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த காட்சியை எளிதில் மறப்பதற்கில்லை. ஆதார் அட்டைகள், பான் அட்டைகள், வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கங்கள், மதிப்பெண் பட்டியல்கள், ஒரு கர்ப்பிணியின் ஸ்கேன் ரிப்போர்ட் என்று ஊராரின் அந்தரங்கம் முழுவதும், ‘டவுன்லோட்ஸ்’ என்னும் அந்தப் பகுதியில், தேதி வாரியாக அடுக்கடுக்காகக் கிடந்தது. எவரும் திருடிச் சேர்த்தவையல்ல அவை. ஒவ்வொன்றும் உரியவராலேயே, ஏதோ ஓர் அவசர காரியத்தின் பொருட்டு, மனப்பூர்வமாக அனுப்பப்பட்டவை. கடைக்காரர் நல்லவர், உபகார சிந்தை உள்ளவர், வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை, அவ்வளவே. ஆயினும் யார் யாரோ பென் டிரைவைச் செருகி எடுக்கிற அந்த யந்திரம் நாளை பழுதாகி ரிப்பேர்க் கடைக்குப் போகும்போது, அதற்குள் இருக்கும் இத்தனை பேருடைய அடையாளங்களும் உடன்போகும்.

இணையத்தில் அந்தரங்கம் பறிபோகிறது என்று கேட்டவுடன், கடல் கடந்த ஏதோ ஒரு தேசத்தில், இருட்டறையில் அமர்ந்து சங்கேத மொழிகளை உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு மாயாவியின் சித்திரமே நம் மனத்தில் எழுகிறது. அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் நம் நாட்டில் பெரும்பாலான விபரீதங்கள், கேட்ட இடத்திலெல்லாம், காரணம் கேளாமல், கொடுத்துக் கொடுத்துப் பழகிப்போன வழக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. அந்த வழக்கத்தை ஜனங்கள் தாமாக விரும்பி ஏற்கவில்லை. ‘நகல் இல்லையேல் காரியம் இல்லை’ என்று நிர்ப்பந்தித்துப் பழக்கியவை நம்மிடம் கேட்டு வாங்குகிற ஸ்தாபனங்கள். ஆகவே, வாங்கியதைக் காப்பாற்றும் கடமையும் முதலில் அவற்றையே சாரும் என்பதுதான் இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் அபிப்பிராயம்.

எண் ஒன்று, கதவுகள் பல

ஆதார் எண்ணை ஒருவர் அறிந்துகொண்டார் என்பதனால் மட்டுமே நம் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட முடியாது என்று ஆதார் ஆணையம் சொல்லிவருகிறது. அது மெய்தான். ஆனால் பன்னிரண்டு இலக்க எண் தனியாகப் பயணம் செய்வதில்லை. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் ஆகிய பரிவாரங்களுடனேயே அது கைமாறுகிறது. துணிக்கடையில் பில் போடும்போது கேட்ட கைபேசி எண், நகைச்சீட்டுக்குக் கொடுத்த பான் எண், பொருட்காட்சியில் அதிர்ஷ்டக் குலுக்கலுக்காக நிரப்பிய படிவம், மேல்படிப்புக் கண்காட்சியில் மகள் எழுதிக் கொடுத்த மதிப்பெண் விவரம் ஆகிய இவையெல்லாம் தனித்தனியே அற்பமானவை. ஒரே கையில் வந்து சேரும்போதோ, அந்தக் குடும்பத்தைப் பற்றி நெருங்கிய உறவினருக்கும் தெரியாத சங்கதிகள் முன்பின் தெரியாத ஒருவனுக்குத் தெரிந்துவிடுகின்றன.

அப்படி வந்து சேருவதற்கான வழிகள் பல. சண்டிகரிலிருந்து வெளிவரும் ‘டிரிப்யூன்’ பத்திரிகையின் நிருபர், வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒரு தரகருக்கு 500 ரூபாய் கொடுத்து, எந்த ஆதார் எண்ணுக்கும் உரிய பெயர், முகவரி முதலியவற்றைப் பார்க்கும் அனுமதியைச் சில நிமிஷங்களில் பெற்றதாக 2018 ஜனவரியில் எழுதினார். தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தைச் சார்ந்த சுமார் 50 லட்சம் பேருடைய விவரங்கள் இணையத்தில் வெளியாகியிருப்பதாக 2021இல் ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. 2023 ஜூன் மாதத்தில், கோவின் தளத்தில் தடுப்பூசிக்குப் பதிவு செய்தவர்களின் கைபேசி எண்ணை டெலிகிராமில் ‘பாட்’ எனப்படும் ஒரு தானியங்கி நிரலிடம் கொடுத்தால், அவர்கள் அப்போது காட்டிய அடையாள ஆவணத்தின் எண்ணையும் பிறந்த ஆண்டையும் அது பதிலாகத் தந்தது, தளத்துக்குள் எவரும் நேரடியாகப் புகவில்லை என்று அரசாங்கம் மறுத்த போதிலும், கொடுத்த விவரம் வெளியே உலவியது என்னவோ வாஸ்தவம். 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்திலேயே அத்துமீறி நுழைந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

இவற்றினும் மனத்தை மிகவும் வருத்துவது அதே ஆண்டு செப்டம்பரில் வெளிப்பட்ட சம்பவம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய விவரங்கள், டெலிகிராமில் கேட்டவர்க்குக் கேட்டபடி கிடைத்துக்கொண்டிருப்பதை ராய்ட்டர்ஸ் செய்தி ஸ்தாபனம் அம்பலப்படுத்தியது. 3 கோடிக்கும் அதிகமானோரின் தகவல் தன் வசம் இருப்பதாக, அவற்றைக் கசியவிட்ட ஹேக்கர் உரிமை கொண்டாடினார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடித் தடை உத்தரவு பெற்றது. பெயரும் முகவரியும் வெளியாவது ஒரு தொல்லை. ஆனால் இங்கே வெளியானவற்றுள் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. கடவுச்சொல் களவு போனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். தேகத்தில் உள்ள நோயின் பெயரை எவரால் மாற்ற முடியும்?

[பெட்டிச் செய்தி] நீதிமன்றம் கடந்து வந்த வழி

1954: எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தந்த உரிமை அல்ல என்ற முறையில் கருத்துக் கூறியது. 1962இல் கரக் சிங் வழக்கிலும் பெரும்பான்மைத் தீர்ப்பு அதையே சொன்னது.

1996: அரசு தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு உச்ச நீதிமன்றம் வரம்பு விதித்தது.

2017 ஆகஸ்ட் 24: ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்து, பழைய இரு தீர்ப்புகளின் மாறான பகுதிகளைத் தள்ளினர். வழக்கைத் தொடுத்தவர், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012இல் அதைத் தொடுத்தபோது அவருக்கு வயது 86.

2018 செப்டம்பர் 26: ஆதார் செல்லும், ஆனால் வங்கிக் கணக்குக்கும் கைபேசி இணைப்புக்கும் அது கட்டாயமல்ல என்று நால்வர் பெரும்பான்மை கூறியது. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார்.

2023 ஆகஸ்ட்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

வீட்டுக்குள்ளேயே ஒரு சிறைச்சாலை

திரட்டிய விவரத்தை மோசக்காரர்கள் எவ்வாறு உபயோகிக்கிறார்கள் என்பதை, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று பெயர் பெற்றுவிட்ட கொடுமையில் கண்ணாரக் காணலாம். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியைக்குக் கைபேசி அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுகிறவன் முதலில் பயமுறுத்துவதில்லை. மிக மரியாதையாக அவருடைய முழுப் பெயரைச் சொல்லி, தகப்பனார் பெயரைச் சொல்லி, ஆதார் எண்ணை இலக்கம் தவறாமல் ஒப்பிக்கிறான். பத்து வருஷத்துக்கு முன்பு குடியிருந்த வீட்டின் முகவரியையும் கூறுகிறான். அவர் பெயரில் அனுப்பப்பட்ட பார்சல் ஒன்றில் போதைப் பொருள் அகப்பட்டிருப்பதாகவும், வழக்கு மும்பையில் பதிவாகியிருப்பதாகவும் அதன் பிறகே சொல்லுகிறான். எல்லாம் தெரிந்த இவன் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாளின் உள்ளம் முடிவு கட்டிவிடுவது, அந்தப் பழைய முகவரியைக் கேட்ட கணத்தில்தான்.

பிறகு நடப்பவை யாவும் நாடகம். வீடியோ அழைப்பில் காக்கி உடுப்பும், பின்னால் இலாகாச் சின்னமும் தெரிகின்றன. கேமராவை அணைக்கக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது, மகனிடம் சொன்னால் அவனும் கைதாவான் என்று உத்தரவுகள் பிறக்கின்றன. விசாரணை முடியும் வரையில் பணத்தை ‘அரசாங்கக் கணக்கு’க்கு மாற்றி வைக்குமாறு பணிக்கப்படுகிறார். வைப்பு நிதியை முறித்து ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தில் கையெழுத்திடும்போது, வங்கி ஊழியர் ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களே போதித்து அனுப்புகிறார்கள். இதில் சிக்குவோர் படிப்பில்லாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பஞ்சாபைச் சேர்ந்த, பத்ம பூஷண் விருது பெற்ற, எண்பது வயதைக் கடந்த ஒரு பெருந்தொழிலதிபர், 2024இல் போலியாக ஜோடிக்கப்பட்ட உச்ச நீதிமன்ற விசாரணையில் வீடியோ மூலம் ‘ஆஜராகி’, 7 கோடி ரூபாயை இழந்தார். பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது. அப்படி ஒரு கைது முறை இந்தியச் சட்டம் எதிலும் கிடையாது என்று அவ்வாண்டு அக்டோபர் 27ஆம் தேதி வானொலி உரையில் பிரதமரே எடுத்துச் சொல்லும்படி ஆயிற்று.

இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்த தொகை 2023இல் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. ஒரே வருஷத்தில் மும்மடங்கு. புகார் செய்யக் கூசி, பிள்ளைகளுக்கும் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே புதைத்துக்கொண்டவர்களின் நஷ்டம் இந்தக் கணக்கில் அடங்காது.

செய்யாத வியாபாரத்துக்கு வரி

பணம் போவது ஒரு விதம். பெயர் போவது இன்னொரு விதம். தினக்கூலிக்குத் தோல் தைப்பவர், கட்டட வேலைக்குச் செல்பவர், கிராமத்தில் நூறு நாள் வேலையை நம்பியிருப்பவர் ஆகியோர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி என்று நோட்டீஸ் வந்து, குடும்பமே திகைத்து நிற்கும் செய்திகளை நம் தினசரிகளில் அவ்வப்போது வாசிக்கிறோம். விசாரித்தால், கடன் வாங்கித் தருவதாகவோ உதவித்தொகை பெற்றுத் தருவதாகவோ யாரோ ஒருவர் எப்போதோ வாங்கிச் சென்ற ஆதார், பான் நகல்களைக் கொண்டு, அவர்கள் பெயரில் ஒரு நிறுவனம் பதிவாகி, பில்கள் புரண்டு, மறைந்தும் போயிருக்கும். தாம் செய்யாததைச் செய்யவில்லை என்று நிரூபிக்கும் பாரம் இப்போது அந்த ஏழையின் தலைமீது. ஒரு நாள் கூலியை இழந்து, மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறி, ஆங்கிலத்தில் அச்சடித்த நோட்டீஸை யாரிடமோ காட்டிப் பொருள் கேட்டு, ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் கடன் வாங்கிக் கொடுத்து அவர் படும் அல்லலுக்கு நஷ்ட ஈடு தருவார் யார்?

கல்லூரி மாணவர்களின் சங்கதி வேறு மாதிரியானது. வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் ஏ.டி.எம். அட்டையையும் சிம் அட்டையையும் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய் தருகிறோம் என்று ஆசை காட்டி, மோசடிப் பணம் தங்கிச் செல்லும் சத்திரமாக அவர்களுடைய கணக்கை ஆக்கிவிடுகிறார்கள். பிள்ளை ஊரில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருக்க, வேறு மாநிலத்துக் காவல் நிலையத்தில் அவன் பெயர் குற்றவாளிகள் பட்டியலில் ஏறுகிறது.

கைரேகையைக் கூட இந்த ஆபத்து விட்டு வைக்கவில்லை. பத்திரப் பதிவு ஆவணங்களின் பிரதிகளை அரசுத் தளத்திலிருந்து இறக்கி, அவற்றில் பதிந்திருந்த பெருவிரல் ரேகைகளைக் கொண்டு ரப்பர் அச்சுச் செய்து, பிறர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளை உயிர்ப்பித்த ஒருவர் 2018இல் தெலங்கானாவில் பிடிபட்டார். பின்னாளில் மேற்கு வங்கம் முதலிய இடங்களில் இதே உத்தியால் வங்கிக் கணக்குகளிலிருந்து பணமும் உருவப்பட்டது. ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவுக்கு ஓ.டி.பி. தேவையில்லை, ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் கைரேகையும் இருந்தால் போதும். நிலம் வாங்கியவர் பத்திரத்தில் கைநாட்டு வைத்தது சட்டம் கேட்டதனால். அந்த ரேகையைத் திரையிட்டு மறைக்காமல் உலகத்தின் முன் விரித்து வைத்தது அரசாங்க இலாகா. இதில் அந்த மனிதரின் அஜாக்கிரதை என்று சொல்லுவதற்கு அணுவளவும் இடமில்லை.

மானத்தைப் பணயம் வைத்து

2020ஆம் ஆண்டு, ஊரடங்கினால் வருமானம் இழந்த குடும்பங்களை உடனடிக் கடன் செயலிகள் வளைத்துப் பிடித்தன. ஈடு வேண்டாம், ஜாமீன் வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் பணம் என்றார்கள். ஆனால் செயலியை நிறுவும்போது, தொடர்பு எண்கள் முழுவதையும் படங்கள் முழுவதையும் பார்ப்பதற்கு அனுமதி கேட்டார்கள். அதுவே அவர்கள் வாங்கிய ஈடு. தவணை ஒரு நாள் தவறினால், கடன் வாங்கியவரின் படத்தை ஆபாசமாக ஒட்டுவேலை செய்து, மாமனார், மேலதிகாரி, பள்ளி ஆசிரியர், பால்காரர் என்று பட்டியலில் உள்ள அனைவருக்கும் அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டோர் உண்டு. 2021 ஜனவரியில் சென்னைக் காவல்துறை பெங்களூருவில் சோதனை நடத்தி, இரு சீனர்கள் உட்படச் சிலரைக் கைது செய்தது. தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலிகள் தொடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் ஆணையிட்டது. அந்த ஆணை வருவதற்குள் எத்தனை வீடுகளின் நிம்மதி அழிந்தது!

பெண்கள் விஷயத்தில் இந்தக் கொடுமைக்கு எல்லையே இல்லை. ஒருகாலத்தில் நம்பிக்கையோடு பகிர்ந்துகொண்ட படமோ, அறியாமல் எடுக்கப்பட்ட படமோ, செயற்கை நுண்ணறிவினால் புனைந்த பொய்ப் படமோ, எதுவாயினும் அதன் பழி பெண்ணின் மீதே சுமத்தப்படுகிறது. தம் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவியதைத் தடுக்கக் கோரி ஒரு பெண்மணி தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்துக்குள் அவற்றை முடக்குமாறு 2025 ஜூலையில் மத்திய அரசுக்குக் கட்டளையிட்டார். ஓரிடத்தில் நீக்கினால் வேறோரிடத்தில் முளைக்கும் இந்தத் தொல்லைக்கு நிரந்தர வழிமுறை வேண்டும் என்று அந்த வழக்கில் நீதிமன்றம் வற்புறுத்தியதன் பலனாக, மத்திய அரசு ஒரு நடைமுறையை வகுத்தது. நீதிமன்றப் படி ஏற வசதியும் துணிவும் இல்லாத பெண்கள், காவல் நிலையத்தில் “நீ ஏம்மா அனுப்பிச்சே?” என்று எதிர்க்கேள்வி கேட்கப்படும் பெண்கள், எத்தனையோ பேர். அனுப்பியது அவள் இஷ்டம். பரப்பியது அவன் குற்றம். இதில் குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை.

விடுதலையானவருக்கும் விடுதலையில்லை

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்த ஒரு வழக்கு ஆழ்ந்த யோசனைக்குரியது. கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவரை, மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று 2014இல் விடுவித்தது. ஆயினும் அவர் பெயரை இணையத்தில் தேடினால் அந்தத் தீர்ப்பின் பிரதி முன்வந்து நின்றது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற அவர் செய்த முயற்சிக்கும் அதனால் இடையூறு வந்தது. பெயரை மறைக்க வேண்டும் என்று அவர் கேட்டதைத் தனி நீதிபதி 2021இல் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. நீதிமன்றத் தீர்ப்பு பொது ஆவணம். அதை மறைக்கத் தொடங்கினால் நீதி பரிபாலனத்தின் வெளிப்படைத்தன்மை என்னாவது என்னும் கேள்வி நியாயமானது. தீர்ப்பு முழுவதும் இருக்கட்டும், விடுவிக்கப்பட்டவர் பெயர் மட்டும் எழுத்துக் குறியாக மாறட்டும் என்னும் யோசனையில் தவறென்ன என்பதே என் எண்ணம். சட்டத்தை ஆராய்வோருக்கு அந்தப் பெயரால் லாபமில்லை, அவருக்கோ அதனால் ஆயுள் முழுவதும் நஷ்டம்.

“மறைக்க என்ன இருக்கிறது?”

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம், படித்தவர்களிடமிருந்தே ஒரு வாதம் எழுகிறது: “தப்புச் செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?” நாம் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவது, செய்த குற்றத்தை மறைக்க அல்ல. மருத்துவரிடம் சொன்னதை எதிர்வீட்டாரிடம் சொல்லாமலிருப்பதும், மகளின் ஜாதகத்தைப் பேப்பரில் விளம்பரம் செய்தாலும் அவளுடைய கைபேசி எண்ணைப் போடாமலிருப்பதும் குற்ற உணர்ச்சியினால் அல்ல. யாருக்கு எதை, எவ்வளவு தெரிவிப்பது என்னும் தீர்மானம் தன்னிடம் இருப்பதையே மனிதன் கௌரவம் என்று கருதுகிறான்.

இந்தத் தத்துவத்தை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன சந்தர்ப்பங்களுள் ஒன்று ஒரு தமிழ் வாரப் பத்திரிகையை ஒட்டி எழுந்தது என்பதை வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் சுயசரிதத்தை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது சிறைத்துறை எழுப்பிய ஆட்சேபம், 1994இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்காக வந்தது. பிரசுரத்துக்கு முன்பே அரசு தடை போட முடியாது என்று பத்திரிகைக்குச் சுதந்திரம் அளித்த அதே தீர்ப்பு, தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடுமாறு கோரும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்றும், பொது ஆவணங்களில் உள்ளதற்கு அப்பால் ஒருவரது இல்வாழ்க்கையை அவர் சம்மதமின்றி எழுதலாகாது என்றும் வரையறுத்தது. அதிகாரம் உடையவரை மக்கள் கேள்வி கேட்கலாம். மக்களின் படுக்கையறையை எவரும் எட்டிப் பார்க்கலாகாது. இவ்விரண்டும் ஒரே தீர்ப்பில் முரணின்றி அடங்கின.

சட்டம் யார் பக்கம்?

2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் போற்றத்தக்கவை பல உள்ளன. எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். சொன்ன காரியத்துக்கு மட்டுமே உபயோகிக்க வேண்டும். காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வசதி தர வேண்டும். விவரம் வெளியே கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரத்தைப் பெறுவதற்குப் பெற்றோரின் சம்மதம் அவசியம்.

ஆனால் அந்த அபராதத் தொகை போய்ச் சேருவது இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு பைசாவும் இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நஷ்ட ஈட்டுக்கு வழி செய்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. அரசாங்கம் விரும்பினால் தன் அமைப்புகள் பலவற்றுக்கு விலக்களித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. நம்மிடம் மிக அதிகமாகக் கேட்டு வாங்குவது அரசாங்கமே என்றிருக்க, இந்த விலக்கு நியாயமாகத் தோன்றவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: கணினியில் ஏறாத காகித நகல் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதே இல்லை. லாட்ஜ் வரவேற்பு மேஜையின் இழுப்பறையில் கட்டுக் கட்டாக உறங்கும் நகல்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

அந்த நகல்களைப் பற்றி ஒரு முறை எச்சரிக்கை பிறந்ததுண்டு. ஆதார் நகலைக் கண்டவரிடமும் கொடுக்க வேண்டாம், உரிமம் பெறாத ஹோட்டல்களும் சினிமாக் கொட்டகைகளும் அதை வாங்கி வைக்கலாகாது என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு பிராந்திய அலுவலகம் 2022 மே 27ஆம் தேதி அறிவித்தது. தவறாகப் பொருள் கொள்ளப்படக்கூடும் என்று கூறி, இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பை வாபஸ் பெற்றது. வாபஸ் பெற்றிருக்கக் கூடாது என்பது என் துணிபு.

[பெட்டிச் செய்தி] இன்றே செய்யத் தக்கவை

நகல் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காகிதத்தின் மீது தேதியையும் எந்தக் காரியத்துக்கு என்பதையும் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கைரேகை, கருவிழி அடையாளங்களைப் பூட்டி வைத்துத் தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். உங்கள் ஆதார் கடந்த ஆறு மாதங்களில் எங்கெங்கே உபயோகிக்கப்பட்டது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதை ‘சஞ்சார் சாத்தி’ தளம் காட்டும். உங்களுடையது அல்லாததை அங்கேயே துண்டிக்கக் கோரலாம்.

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியில் அறிமுகமில்லாத கருவி தென்பட்டால் உடனே வெளியேற்றுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவைப்படாது.

பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். பிறர் அடையாளத்தை மோசமாக உபயோகிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அந்தரங்கப் படம் பரவும் என்ற அச்சமிருந்தால், ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்னும் சேவையை நாடலாம். படத்தை அனுப்ப வேண்டியதில்லை. அதன் மின்னணு ரேகை மட்டும் உங்கள் கருவியிலேயே கணக்கிடப்பட்டு, சேர்ந்துள்ள தளங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது.

கேட்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மேலே சொன்ன உபாயங்கள் யாவும் பயனுள்ளவையே. ஆயினும் கைபேசியில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு தாயாரிடம், கைரேகையைப் பூட்டு, கடவுச்சொல்லை மாற்று, சரிபார்ப்பை இரண்டடுக்காக்கு என்று உபதேசித்துவிட்டு, நம் கடமை தீர்ந்தது என்று ஸ்தாபனங்கள் ஒதுங்கிக்கொள்வதை ஒப்புக்கொள்ள முடியாது. எல்.கே.ஜி. சேர்க்கைக்குக் குழந்தையின் ஆதாரும், தாய் தந்தையர் ஆதாரும், சாதிச் சான்றும் வாங்கிக்கொண்டு, சேர்க்கை கிடைக்காத பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் பீரோவில் பூட்டி வைக்கும் பள்ளிகளும், புறநோயாளிச் சீட்டுக்கு அடையாள அட்டையைப் படம் பிடித்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகளும், அடுக்குமாடி வாசலில் வருவோர் போவோரின் முகத்தையும் கைபேசி எண்ணையும் செயலியில் ஏற்றும் குடியிருப்போர் சங்கங்களும், பயனாளிகளின் பட்டியலை வங்கிக் கணக்கு எண்ணோடு தளத்தில் ஏற்றிவிடும் அரசு அலுவலகங்களும், தம்மிடம் என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று இந்த மாதமே கணக்கெடுக்கட்டும். தேவையற்றதை அழிக்கட்டும், இனி தேவையற்றதைக் கேளாதிருக்கட்டும். வாசகர்களும், நகல் கேட்கப்படும்போது “எதற்கு?” என்று ஒரு வார்த்தை பணிவாகக் கேட்கத் தயங்க வேண்டாம்; கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்லுவது அவர்கள் கடமை.

சம்மதம் பெறுவது, காப்பது, அழிப்பது ஆகிய முக்கியக் கடமைகள் சட்டப்படி அமலுக்கு வர, விதிகள் வெளியான நாளிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்த அவகாசம் 2027 மே மாதத்தில் முடிகிறது. நேர்மையுள்ள ஸ்தாபனம் எதுவும் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.